மூணு பக்க வருமானமும் ஒரே மாதத்தில் படுத்துவிட்டது, நாலாவதாக என்ன செய்யலாம்?

நொய்யல்கரை · 2025 செப்டம்பர் 14, இரவு 10.40

வணக்கம். ஊர் திருப்பூர். ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். சம்பளம் 26,000. வயது 37. மகள் ஏழாவது படிக்கிறாள்.

சம்பளத்தை மட்டும் நம்பி உட்கார்ந்தவன் இல்லை நான். நாலு வருடம் முன்பே வீட்டுக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் கடன் வாங்கி மூன்று லைன் வீடு கட்டினேன். வாடகை தலா 3,000. மனைவி வீட்டிலேயே ஒரு ஓவர்லாக் மெஷின் போட்டு பக்கத்து யூனிட்டுக்கு அடித்துக் கொடுக்கிறாள், பிசிறும் வெட்டுவாள். வாரம் 1,500 வந்துவிடும். நான் சாயங்காலம் கூலிக்கு வேலை எடுத்துச் செய்கிற இரண்டு ஜாப் ஒர்க் யூனிட்டுக்கு பில், ஜிஎஸ்டி எல்லாம் பார்த்துக்கொடுத்து மாதம் 5,000 வாங்கிக்கொண்டிருந்தேன். ஆக, சம்பளம் போக மூணு வழி. என் மச்சானுக்கே நான்தான் இதைப் பற்றிப் பாடம் எடுத்தவன்.

ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்க வரி 50 சதவீதம் ஆனது. எங்கள் கம்பெனி ஆர்டரில் முக்கால்வாசி அங்கே போவது. முதலில் ஓ.டி., அதாவது கூடுதல் நேர வேலை நின்றது. அடுத்த வாரமே மனைவிக்குப் பீஸ் வருவது நின்றது. லைன் வீட்டில் இருந்த ஒடிசா பையன்கள் "தீபாவளி கழிந்து வருகிறோம் அண்ணா" என்று பாத்திரத்தைக்கூட எடுக்காமல் ஊருக்குப் போய்விட்டார்கள், இரண்டு வீடு காலி. ஜாப் ஒர்க் யூனிட் ஒன்று ஷட்டரை இறக்கிவிட்டது, எனக்கு இரண்டு மாத பாக்கி. கடன் தவணை 9,400 மட்டும் ஐந்தாம் தேதி டாண் என்று வந்து நிற்கிறது.

50,000 வரை புரட்ட முடியும். மாலை 7 முதல் 10 வரை நேரம் உண்டு, ஞாயிறு முழுக்க உண்டு. நாலாவதாக என்ன செய்யலாம்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ரெண்டுசக்கரம் · செப்டம்பர் 14, இரவு 11.15

7 முதல் 10 என்றதும் நாலு பேர் வந்து "டெலிவரி போங்க" என்பார்கள். அதற்கு முன் என் கணக்கைப் பார்த்துவிடுங்கள் அண்ணா. கோவையில் எட்டு மாதம் ஓட்டினேன்.

ஒரு சனிக்கிழமை. 7.10க்கு ஆப்பை ஆன் செய்தேன். 10.30க்குள் ஒன்பது ஆர்டர், வந்தது 410. ஓடியது 58 கிலோமீட்டர். பெட்ரோல் 130. டீ, பப்ஸ் 35. மிச்சம் 245. டயர், செயின், ஆயில் எல்லாம் தேய்வதற்கு கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் என்று நானாகவே கழித்துக்கொள்வேன், முதல் மூன்று மாதம் அதைக் கழிக்காமல் ஏமாந்தேன். அப்படிப் பார்த்தால் கையில் நின்றது 187. மூணே கால் மணி நேரத்துக்கும் மேல் ஓடி.

அதுவும் காசுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மழை நாளில்தான் ரேட் கூடும், மழை நாளில்தான் வழுக்கும். காந்திபுரத்தில் ஒரு தடவை விழுந்தேன். சொந்த உபயோகத்துக்கு என்று எடுத்த இன்சூரன்ஸை வைத்துக்கொண்டு கூலிக்கு ஓட்டினால் கிளெய்ம் அன்றைக்கு என்ன கேள்வி வரும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். முழங்கால் தேறியதும் நிறுத்திவிட்டேன்.

தடப்பள்ளி · செப்டம்பர் 15, காலை 5.50

தம்பி, நான் கோபி பக்கம். எங்கள் கொடிவேரி அணையிலிருந்து இரண்டு வாய்க்கால் பிரிகிறது, ஒன்று தடப்பள்ளி, ஒன்று அரக்கன்கோட்டை. எனக்கு இரண்டின் பாசனத்திலும் வயல் உண்டு. சின்ன வயதில் அதை நினைத்து ரொம்பத் தைரியமாக இருந்தேன், ஒன்றில் வராவிட்டால் இன்னொன்றில் வரும் என்று. ஆற்றில் தண்ணீர் இல்லாத வருடம் இரண்டு வயலும் சேர்ந்துதான் வெடித்துக் கிடந்தன.

உங்கள் சம்பளம் பனியனில் இருந்து வருகிறது. வீட்டம்மா அடிப்பதும் பனியன். குடியிருப்பவர்கள் பனியன் கம்பெனிக்காரர்கள். சாயங்காலக் கணக்கும் பனியன். இது நாலு வருமானம் இல்லை தம்பி. ஒரே அணையின் நாலு வாய்க்கால்.

திருப்பூருக்கு இது முதல் தடவையும் இல்லை. 2011 ஜனவரியில் ஐகோர்ட் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது என் தங்கை வீட்டுக்காரர் பட்டறையில் இருந்தார். அவர் வேலை போனது, அவர் வைத்திருந்த மெஸ் போனது, டெம்போவும் சும்மா நின்றது. 2016 நோட்டு விவகாரம், 2020 ஊரடங்கு, இப்போது இது. நாலாவது எது என்று தேடும்போது முதலில் அது பனியன் இல்லாததாக இருக்கட்டும். மற்றது பிறகு.

நொய்யல்கரை · செப்டம்பர் 15, காலை 8.20

ஐயா, பஸ்ஸில் நின்றுகொண்டே படித்தேன். இறங்க வேண்டிய ஸ்டாப்பை விட்டுவிட்டேன். நாலு வருடமாக இது கண்ணில் படவே இல்லை.

மாவு அக்கா · செப்டம்பர் 15, மதியம் 2.05

கரூர். ஆறு வருடமாக இட்லி மாவு ஆட்டிக் கொடுக்கிறேன். "ரெண்டாயிரம் முதலில் மாதம் ஐம்பதாயிரம்" என்று யூடியூபில் சொல்பவர்களை நம்பாதீர்கள், என் நோட்டைப் பாருங்கள்.

ஒரு ஈடு என்பது நாலு கிலோ இட்லி அரிசி, ஒரு கிலோ உளுந்து. அரிசி 168, உளுந்து 130, வெந்தயமும் உப்பும் 6. ஆக 304. மாவு பன்னிரண்டரை கிலோ கிடைக்கும். உளுந்து புதுசாக இருந்தால் இன்னும் கொஞ்சம் காணும், பழசு என்றால் காணாது. ஆறு கிலோ வீடுகளுக்கு 45 வீதம், ஆறரை கிலோ கடைக்கு 38 வீதம். வரவு 517. கவர், கரண்ட், கடையிலிருந்து திரும்பி வருவது எல்லாம் சேர்த்து 50 கழியுங்கள். நிற்பது 163. ஒரு நாளைக்கு மூணு ஈடு போடுகிறேன். மாதம் 12,500 பக்கம் வரும். நாலு மணி நேர வேலை. கழுவுவதை யாரும் கணக்கில் சேர்க்க மாட்டார்கள், அதற்கே ஒரு மணி நேரம் போகும்.

இரண்டு விஷயம் மட்டும் ஞாபகம் வையுங்கள். சித்திரை, வைகாசியில் மாவு மதியத்துக்குள்ளேயே பொங்கிவிடும். கடைக்காரர் ஃப்ரிட்ஜில் இடம் இல்லை என்று வெளியே வைப்பார், கவர் பலூன் மாதிரி உப்பும், ரிட்டன் என்று நம் தலையில் கட்டுவார். அதனால் நான் வெயில் காலத்தில் கடைக்குப் பாதிதான் போடுவேன். இரண்டாவது, கரண்ட். வீட்டு மீட்டரிலேயே ஆட்டினால் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டிவிடும், தாண்டினால் மொத்த பில்லும் வேறு கணக்குக்குப் போய்விடும். வியாபாரத்துக்கு வீட்டு இணைப்பு என்று கேள்வியும் வரும். தனி இணைப்பு வாங்குவதே நிம்மதி. உணவுப் பாதுகாப்புப் பதிவு நான் எடுத்தபோது வருடம் 100 ரூபாய்தான், 12 லட்சத்துக்குள் விற்பவர்களுக்கு.

சாயங்காலம் 7 மணிக்கு மேல் ஆரம்பிக்கிற வேலை இல்லை இது. விடியற்காலை வேலை.

சிறுசேரி · செப்டம்பர் 15, இரவு 9.30

சகோ, நீங்கள் சாயங்காலம் கணக்கு பார்த்த யூனிட்கள் உங்கள் கம்பெனிக்கே ஜாப் ஒர்க் செய்பவையா?

நொய்யல்கரை · செப்டம்பர் 15, இரவு 9.52

ஒன்று ஆமாம். கேட்கும்போதே சங்கடமாக இருக்கிறது.

சிறுசேரி · செப்டம்பர் 15, இரவு 10.10

இருக்கத்தான் வேண்டும். அந்த யூனிட்டின் பில்லை நீங்களே தயார் செய்து, மறுநாள் கம்பெனி சீட்டில் உட்கார்ந்து நீங்களே பாஸ் செய்கிறீர்கள். ஒரு பைசா தப்பு நடக்காவிட்டாலும், யாராவது போட்டுக்கொடுத்தால் அன்றைக்கு உங்கள் 26,000மும் போய்விடும்.

எங்கள் ஐடி பக்கம் 2022ல் இதுதான் பேச்சாக இருந்தது. விப்ரோவில் போட்டிக் கம்பெனிகளுக்கு ஒரே நேரத்தில் வேலை செய்த 300 பேரை வெளியே அனுப்பியதாக அதன் தலைவரே சொன்னார். அதே வருடம் ஸ்விக்கி தன் ஊழியர்களுக்கு நிபந்தனையோடு வெளிவேலை செய்ய அனுமதி கொடுத்தது. ஆக, பொதுவாகச் சரி, தப்பு என்று ஒன்று இல்லை. ஆஃபர் லெட்டரில் என்ன எழுதியிருக்கிறது, அதுதான். பெரும்பாலான லெட்டரில் எழுத்து மூலம் முன் அனுமதி என்று ஒரு வரி இருக்கும், சேரும் அன்று யாரும் படிப்பதில்லை. நான் கேட்டு மின்னஞ்சலில் வாங்கி வைத்திருக்கிறேன். வாரக் கடைசியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் பைத்தான் சொல்லித்தருகிறேன், மேனேஜர் மகளும் அதில் படிக்கிறாள்.

இன்னொன்று, இரண்டு இடத்திலும் பி.எஃப். பிடித்தால் ஒரே பி.எஃப். எண்ணில் (யு.ஏ.என்.) இரண்டும் தெரியும். ரகசியமாக இரண்டாவது வேலை என்று யாராவது ஐடியா கொடுத்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சும்மாவா · செப்டம்பர் 16, காலை 7.00

எட்டு மணி நேர உழைப்புக்குக் குடும்பம் நடத்துகிற சம்பளம் கொடுத்தால் யார் ராத்திரி பத்து மணிக்கு பைக் ஓட்டுவார், யார் மாவு ஆட்டுவார்? பக்க வருமானம் என்று அழகாகப் பெயர் வைத்துவிட்டோம். முதலாளி கொடுக்காமல் விட்ட பாக்கிச் சம்பளத்தை நாமே ராத்திரியில் போய்ச் சம்பாதித்துக்கொள்கிறோம், அவ்வளவுதான். 37 வயதில் 26,000 என்றால் முதலில் அதைப் பேசுங்கள். வேறு கம்பெனி பாருங்கள்.

மாவு அக்கா · செப்டம்பர் 16, காலை 11.30

நான் ஆட்டுவேன். அவர் லட்ச ரூபாய் சம்பாதித்தாலும் ஆட்டுவேன். யாரிடமும் கேட்காமல் எடுக்கிற காசு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது தம்பி.

தடப்பள்ளி · செப்டம்பர் 16, மாலை 6.15

அந்தத் தம்பி சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் இந்த மாதம் திருப்பூரில் சம்பள உயர்வு கேட்கிற மாதம் இல்லை. என் அப்பா விடியலில் பால் ஊற்றிவிட்டு, பகலில் மில்லுக்குப் போய், ராத்திரி தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டினார். அதற்கெல்லாம் பெயரே கிடையாது அப்போது.

ஒருமுறைபட்டவன் · செப்டம்பர் 17, இரவு 11.48

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பெயர் வெளியில் தெரியாது என்பதால் எழுதுகிறேன்.

போன வருடம் டெலிகிராமில் "வீட்டிலிருந்தே பகுதி நேர வேலை" என்று வந்தது. வீடியோவுக்கு லைக் போட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்ப வேண்டும். மூன்று லைக்குக்கு 150 ரூபாய். உடனே ஜிபே வந்துவிட்டது. மறுநாள் 210. அதற்கு மறுநாள் "ப்ரீபெய்ட் டாஸ்க்" என்றார்கள், ஆயிரம் கட்டினால் 1,300. கட்டினேன், வந்தது. குரூப்பில் நூறு பேர், ஆளாளுக்கு "எனக்கு 45,000 வந்தது மேடம், நன்றி" என்று போட்டுக்கொண்டே இருந்தார்கள். அத்தனையும் அவர்கள் ஆட்களே என்று இப்போது தெரிகிறது. அப்புறம் 5,000, 18,000. கடைசியில் "நீங்கள் ஒரு டாஸ்க்கைத் தப்பாகச் செய்துவிட்டீர்கள், கணக்கு முடங்கிவிட்டது, 62,000 கட்டினால் மொத்தமும் திரும்பும்" என்றார்கள். மனைவியின் வளையலை அடகு வைத்துக் கட்டினேன். தெரிந்தே கட்டினேன் என்றுகூடச் சொல்லலாம். போட்ட காசை விட்டுவிட மனம் வரவில்லை.

சைபர் குற்ற உதவி எண் 1930க்கு ஆறு நாள் கழித்துப் பேசினேன். அன்றே பேசியிருந்தால் போன பணம் எங்காவது ஒரு கணக்கில் நிற்கும்போதே முடக்கியிருக்க வாய்ப்பு உண்டு என்றார்கள். வெட்கப்பட்டு ஆறு நாள் போய்விட்டது.

நொய்யல்கரை அண்ணா, உங்கள் கேள்வியைப் பார்த்ததும் பதறினேன். கையில் 50,000, தவணை நெருக்கடி, ராத்திரி மூணு மணி நேரம். அவர்கள் தேடுவது இப்படிப்பட்ட ஆளைத்தான். உங்கள் பேங்க் அக்கவுண்ட்டை வாடகைக்குக் கேட்பார்கள், அதையும் கொடுத்துவிடாதீர்கள். திருட்டுப் பணம் அதன் வழியாகப் போகும், போலீஸ் உங்கள் வீட்டுக்கு வரும்.

ரெண்டுசக்கரம் · செப்டம்பர் 18, காலை 6.40

எழுதியதற்கு நன்றி அண்ணா. என் அம்மாவிடம் இதை வாசித்துக் காட்டினேன். அவரும் இப்படி ஒரு குரூப்பில் இருந்தார்.

கொறங்காடு · செப்டம்பர் 18, மதியம் 1.10

காங்கேயம் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். ஈமு கோழி மோசடியில் ஊரே பணத்தை விட்டதை 2012ல் பார்த்த பகுதி எங்களுடையது, அதனால் "முதல் போடு, மாதாமாதம் வரும்" என்று யார் சொன்னாலும் எங்களுக்கு வயிறு கலங்கும். ஆடு அப்படி இல்லை. கண் முன்னால் மேயும்.

உங்களுக்கு இடமும் இல்லை, மேய்க்க நேரமும் இல்லை என்றால் வாரத்துக்கு, அதாவது பங்குக்கு விடலாம். ஆட்டை நீங்கள் வாங்கிக் கொடுக்க வேண்டும். வளர்ப்பவர் மேய்ப்பார், பார்த்துக்கொள்வார். பிறக்கிற குட்டியில் பாதி அவருக்கு, பாதி உங்களுக்கு. தாய் ஆடு உங்களுடையதாகவே இருக்கும். எங்கள் பக்கம் கிளுவை வேலி போட்ட கொறங்காடு, அதாவது மேய்ச்சல் நிலம் வைத்திருப்பவர்கள் செம்மறிக்கும் இப்படி ஒப்புக்கொள்வார்கள்.

வெள்ளாடு ஐந்து மாதச் சினை. ஈற்றுக்கு இரண்டு குட்டி சாதாரணம். ஆனால் முதல் காசைப் பார்க்க ஒரு வருடம் பொறுக்க வேண்டும். தவணை கட்டுவதற்கு ஆடு உதவாது, சொல்லிவிட்டேன். மழைக்கு முன்னால் துள்ளுமாரிக்கும் ஆட்டுக்கொல்லி நோய்க்கும் ஊசி போட்டாகிவிட்டதா என்று நீங்களே நேரில் போய்ப் பார்க்க வேண்டும். எனக்கு ஒரு ஐப்பசியில் பதினொன்று போனது. ஒரே வாரம்.

வாங்குவதாக இருந்தால் இப்போதே வாங்குங்கள். நேற்று புரட்டாசி பிறந்துவிட்டது, கறி தின்பவர்கள் குறைவு, கன்னிவாடி சந்தையில் விலை இறங்கியிருக்கும். தீபாவளி நெருங்கினால் தொட முடியாது.

பெட்டிக்கடை · செப்டம்பர் 19, காலை 9.00

ஏலச்சீட்டு ஒன்று நடத்துங்கள் ப்ரோ. இருபது பேரைப் பிடித்தால் போதும், கமிஷன் உங்களுக்கு.

தணிக்கை · செப்டம்பர் 19, இரவு 8.25

பதிவு செய்யாமல் தெருவில் சீட்டு நடத்துவது சட்டப்படி குற்றம். அதைவிட முக்கியம், எடுத்தவர் ஒருவர் கட்டாமல் ஓடினால் மீதிப் பேருக்கு நீங்கள் கட்ட வேண்டும். இந்த மாதம் திருப்பூரில் இருபது பேரில் எத்தனை பேர் ஓடுவார்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நொய்யல்கரை, வரி விஷயம் யாரும் பேசவில்லை. நீங்களே கணக்குக்காரர், ஆனாலும் ஊராருக்குக் கணக்கு எழுதுபவன் தன் கணக்கை எழுத மாட்டான் என்பது நான் பார்த்த அனுபவம். சம்பளத்தோடு தொழில் வரவும் இருந்தால் ஐடிஆர்-1 படிவம் போடக் கூடாது, பலருக்கு ஐடிஆர்-4 சரியாக வரும். மாவு மாதிரி வியாபாரம் என்றால் வருமான வரிச் சட்டத்தின் 44ஏடி பிரிவு, பேங்க் வழியாக வந்த வரவில் 6 சதவீதம், ரொக்கத்தில் 8 சதவீதம் குறைந்தபட்ச லாபமாகக் காட்டலாம். கமிஷன், ஏஜென்சி வருமானத்துக்கு அது பொருந்தாது, எல்.ஐ.சி. முகவர்கள் இதில்தான் தவறுகிறார்கள். வீட்டு வாடகையில் 30 சதவீதம் கழிவு உண்டு. இந்த வருடம் புதிய முறையில் 12 லட்சம் வரை வரி வராது என்பதால் உங்களுக்குக் கட்ட வேண்டியது ஒன்றும் இருக்காது. ஆனால் மொத்தம் 4 லட்சத்தைத் தாண்டினால் ரிட்டர்ன் போட்டே ஆக வேண்டும். போட்டு வையுங்கள். அடுத்த கடனுக்குப் போகும்போது பேங்க்காரர் முதலில் கேட்பது அதைத்தான்.

அப்புறம், ஒரு யோசனை. நாளை மறுநாள் கழிந்தால் 22ம் தேதி. அன்று ஜிஎஸ்டி விகிதம் மாறுகிறது. 12 சதவீதமும் 28 சதவீதமும் போகிறது. சோப்பு, பேஸ்ட், தலைக்குத் தேய்க்கும் ஹேர் ஆயில், ஷாம்பு வரைக்கும் 5க்கு வருகிறது. உங்கள் தெரு மளிகைக்கடை, ஃபேன்ஸி ஸ்டோர், எலக்ட்ரிக்கல் கடைக்காரர்களிடம் பில்லிங் மெஷினில் இதை யார் மாற்றித்தருகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

நொய்யல்கரை · செப்டம்பர் 24, இரவு 11.55

தணிக்கை ஐயா, உங்களுக்கு ஒரு சலாம்.

21ம் தேதி ஞாயிறு. காலையில் எங்கள் தெரு முனை மளிகைக்கடைக்குப் போனேன். அண்ணாச்சி கம்ப்யூட்டரை ஒரு பாம்பைப் பார்ப்பது மாதிரி பார்த்துக்கொண்டு நின்றார். சாஃப்ட்வேர் விற்றவர் போன் எடுக்கவில்லை. 1,140 ஐட்டம். குரூப் குரூப்பாகப் பிரித்து, எக்செல்லில் எடுத்து, மாற்றி, திரும்ப ஏற்றினேன். மதியம் சாப்பாடு அவர் வீட்டிலேயே. முடிக்கும்போது மாலை ஐந்து. 1,500 கொடுத்தார், கூட ஒரு கிலோ சக்கரை. அதோடு விடவில்லை, தன் மச்சினன் எலக்ட்ரிக்கல் கடைக்குப் போன் போட்டார். அங்கே பெரிய டிவி 28லிருந்து 18. அங்கிருந்து ஒரு சிமெண்ட் கடை. மூன்று நாளில் ஆறு கடை. 7,800 ரூபாய். பனியனுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இதில் நாலு கடைக்காரர்கள் மாதாமாதம் வந்து பாருங்கள் என்கிறார்கள். கம்பெனியில் எச்.ஆர்.ரிடம் விஷயத்தைச் சொன்னேன். கம்பெனியோடு வியாபாரம் செய்யாத கடைகள் மட்டும், ஆபீஸ் நேரத்தில் கூடாது என்று ஒரு மெயில் கொடுத்தார்கள். அந்த ஜாப் ஒர்க் யூனிட் கணக்கை விட்டுவிட்டேன். சிறுசேரி சகோ, இப்போது தூக்கம் வருகிறது.

சும்மாவா · செப்டம்பர் 25, காலை 7.10

நல்லது அண்ணா. ஆனால் ஆறு கடையை மூன்று நாளில் முடித்திருக்கிறீர்கள். இந்த வேகத்தை உங்கள் கம்பெனி என்ன விலைக்கு வாங்குகிறது என்று ஒரு முறை கணக்குப் பாருங்கள்.

நொய்யல்கரை · அக்டோபர் 27, இரவு 10.20

ஒரு மாதம் கழித்து வருகிறேன். இதில் ஒரு முள் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் படிப்பவர்கள் என்னை நம்பி இறங்கிவிடுவார்கள்.

விற்பனை விவரம் கொடுக்கும் ஜிஎஸ்டிஆர்-1க்கு 11ம் தேதி, வரி கட்டும் 3பி ரிட்டர்னுக்கு 20ம் தேதி. கடைகளுக்கும் அதே தேதி, என் கம்பெனிக்கும் அதே தேதி. மாதத்தில் 25 நாள் ஈ ஓட்டிவிட்டு மிச்ச ஐந்து நாளில் இரண்டு பக்கமும் இழுத்தால் என்ன ஆகும்? இந்த மாதம் 20ம் தேதி தீபாவளி வேறு. கடைக்காரர்கள் யாவாரத்தில் மும்முரம், பர்ச்சேஸ் பில்லைச் சாக்குப்பையில் போட்டுக் கொடுத்தார்கள். உண்மையாகவே சாக்குப்பை. பட்டாசுப் புகை வாசம் அடிக்கிற பில்லை எல்லாம் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசி நேரத்தில் தேதியை 25 வரை தள்ளினார்கள், பிழைத்தேன். மகள் கம்பி மத்தாப்பைக் கொளுத்தி ஜன்னல் வழியாகக் காட்டினாள். நான் தலை நிமிர்ந்து பார்த்தேனா என்பதே ஞாபகம் இல்லை.

நாலு கடைக்கு மேல் எடுப்பதில்லை என்று முடிவு. கடைக்கு 1,500. ஐந்தாவதாக ஒருவர் 2,500 தருகிறேன் என்றார், ஆசையாகத்தான் இருந்தது.

மாவு அக்கா · அக்டோபர் 28, மதியம் 1.40

வாராவாரம் ஞாயிறு சாயங்காலம் போய் அந்த வாரப் பில்லை அந்த வாரமே ஏற்றிவிடுங்கள் தம்பி. நான் உளுந்தை ராத்திரி ஊறப்போடுவதில்லையா, அது மாதிரி. வீட்டம்மாவைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே, மெஷின் சும்மாவா கிடக்கிறது?

நொய்யல்கரை · அக்டோபர் 28, இரவு 9.05

அக்கா, அதை அவளே எழுதச் சொன்னாள். ஓவர்லாக் மெஷினை வைத்தே சேலைக்கு ஓரம் அடிக்க ஆரம்பித்தாள். தெருவில் இரண்டு பேர் ஜாக்கெட் கேட்டார்கள். கம்பெனியில் பவர் டேபிளில் ஓட்டியவள்தான், ஆனால் ஜாக்கெட் வேறு கலை. முதல் இரண்டு ஜாக்கெட்டில் அக்குள் பிடித்துவிட்டது. துணிக்காசு 600 நாங்களே கொடுத்தோம். இப்போது பக்கத்துத் தெரு டெய்லர் அக்காவிடம் மதியம் இரண்டு மணி நேரம் போய்க் கற்றுக்கொள்கிறாள், பதிலுக்கு அவருக்கு ஹெம்மிங், கொக்கி வைத்துக் கொடுக்கிறாள். பணம் கைமாறவில்லை, இரண்டு பேருக்கும் சந்தோஷம்.

சிறுசேரி · அக்டோபர் 29, காலை 10.00

லைன் வீடு?

நொய்யல்கரை · அக்டோபர் 29, இரவு 9.45

ஒன்றுக்கு ஆள் வந்தாயிற்று. பக்கத்துப் பள்ளிக்கூட டீச்சர் ஒருவர், அம்மாவோடு. வாடகை 500 குறைத்தேன், பாத்ரூமுக்கு டைல்ஸ் போட்டுக் கொடுத்தேன். இந்த முறை எந்தக் கம்பெனியில் வேலை என்று கேட்காமல், என்ன வேலை என்று கேட்டுத்தான் கொடுத்தேன். இன்னொரு வீடு காலியாகத்தான் இருக்கிறது, பையன்களின் பாத்திரம் அங்கேயே.

கொறங்காடு · 2026 ஜனவரி 18, மாலை 5.30

பொங்கல் எல்லாம் நல்லபடியா? நொய்யல்கரை தம்பியைக் காணோம். ஆடு என்ன ஆச்சு என்று படிப்பவர்களுக்கும் சொல்லுங்கள்.

நொய்யல்கரை · ஜனவரி 19, இரவு 11.10

மன்னிக்கணும்ங்க. சொல்கிறேன்.

உங்கள் பேச்சைக் கேட்டு புரட்டாசி கடைசியில் இரண்டு பெட்டை ஆடு வாங்கி, மாமனார் ஊரில் ஒரு அம்மாவிடம் வாரத்துக்கு விட்டேன். இரண்டும் சேர்ந்து 17,500. ஊசி போட்ட அன்று நானே நின்றேன், ஆட்டைப் பிடிக்கத் தெரியாமல் வேட்டி கிழிந்தது. ஒன்று சினை. இன்னொன்று பலன் பிடிக்கவில்லை, அந்த அம்மா "பொறு சாமி" என்கிறார்.

கடைக்கணக்கு நாலே கடை, 6,000. மனைவி பொங்கலுக்கு மட்டும் 31 ஜாக்கெட் தைத்தாள், லைனிங் வைத்தது 350. மற்ற மாதத்தில் அதில் பாதிகூட வராது. வாடகை 5,500. தவணை போகக் கையில் நிற்பது பழைய காலத்தைவிடக் குறைவுதான், ஒளிக்க ஒன்றும் இல்லை. ஓ.டி. இன்னும் வரவில்லை. பக்கத்து யூனிட்காரர் மறுபடி பீஸ் தருகிறேன் என்று வந்தார். மனைவி வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டாள், நான் வாய் திறக்கவில்லை.

சும்மாவா தம்பி, நீங்கள் கணக்குப் பார்க்கச் சொன்னதைப் பார்த்தேன். ஏப்ரலில் கேட்பதாக இருக்கிறேன்.

மீதியைப் பிறகு எழுதுகிறேன். நாளை 20. சிமெண்ட் கடை பில் இன்னும் பாதி சாக்கில் இருக்கிறது.